முதல்ல "வேண்டாம்"னு சொன்னவருக்கு என்ன ஆச்சு?



உங்கள்ல நிறைய பேர் இப்போ வேலை தேடிக்கிட்டு இருப்பீங்க, இல்லைன்னா மாறலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க. சம்பளம், ஷிஃப்ட், லீவு எல்லாம் விசாரிப்போம். ஒண்ணை மட்டும் விசாரிக்க மாட்டோம். இந்தக் கம்பெனியில் நேர்மையானவங்க தங்குவாங்களா, கிளம்பிடுவாங்களா?

நேர்மை தனி மனுஷனோட குணம், நல்லவன் எங்கே போனாலும் நல்லவனா இருப்பான் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதி பாதி அந்த இடத்தோட கையில் இருக்கு.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்க. ஒரு வாடிக்கையாளர் தலையில் கணக்கு, கார்டு, கடன் என்று எட்டு விஷயங்களைக் கட்ட வேண்டும் என்பது அங்கே இலக்கு. இன்னைக்கு எத்தனை வித்தேன்னு கிளை ஊழியர்களிடம் தினமும் கணக்குக் கேட்டார்கள். முடியாத பலர், வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, அப்படி சுமார் 20 லட்சம் கணக்குகளும் கார்டு விண்ணப்பங்களும் இருக்கலாம் என்று தெரிந்தது. அபராதம் 18.5 கோடி டாலர். ஐந்து வருஷத்தில் சுமார் 5,300 பேரை வங்கி வேலையை விட்டு அனுப்பியிருந்தது.

அந்த 5,300 பேரும் திருடணும்னு வேலைக்கு வந்தவங்களா? இருக்க முடியாது. புகார் சொல்ல அங்கே ஒரு ஹாட்லைன்கூட இருந்தது. ஆனால் தப்பு நடக்குதுன்னு எடுத்துச் சொன்ன ஒரு மேலாளருக்கு 2010-ல் வேலை போனது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவு போட்டது 2017-ல். ஏழு வருஷம்! இதைப் பார்த்த மற்ற ஊழியர்கள் என்ன பாடம் படிச்சிருப்பாங்க?

இப்படித்தான் ஒரு ஆபீஸ் சல்லடையா மாறுது. மனசு உறுத்துறவங்க சத்தமில்லாம பேப்பர் போட்டுட்டுப் போயிடுறாங்க. காரணம் கேட்டா "நல்ல வாய்ப்பு வந்தது"ன்னு சொல்லிடுவாங்க. உறுத்தாதவங்க ப்ரமோஷன் வாங்குறாங்க. அடுத்து வர்ற ஃப்ரெஷருக்கு சீனியர் அவங்கதான். அவனுக்கு அதுதான் உலக வழக்கம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டொயோட்டா தொழிற்சாலையில் 'ஆண்டான்' என்று ஒரு கயிறு. குறையைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். டீம் லீடர் உடனே வந்து என்னன்னு பார்ப்பார். சீக்கிரம் சரியாகலைன்னா லைனே நிற்கும். ஹாட்லைனும் ஒரு கயிறுதான். ஆனால் இழுத்தவனை எப்படி நடத்துறாங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு.

என் டீமில் டெஸ்டிங் பார்க்கிற ஒரு அக்கா, ரிலீஸுக்கு முந்தின நாள் "இது இன்னும் தயாராகலை"ன்னு சொல்லிட்டாங்க. மேனேஜர் க்ளையன்ட்கிட்ட தானே பேசி ரெண்டு நாள் தள்ளி வாங்கினார். அக்கா பெயரை அவர் எடுக்கவே இல்லை. அதுக்கப்புறம் புதுசா சேர்ந்த பசங்ககூட பயமில்லாம பக் சொல்றாங்க.

அதனால இன்டர்வியூவில் "ஏதாவது கேட்கணுமா?"ன்னு சொன்னா, இதைக் கேளுங்க: "கடைசியா யார் ஒரு ரிலீஸை நிறுத்தினாங்க? அவங்க இப்பவும் இங்கே இருக்காங்களா?" அந்தப் பதிலிலேயே பாதி தெரிஞ்சிடும்.

ஏற்கெனவே தப்பான இடத்தில் மாட்டியிருந்தா? வீட்டுக் கடன், அப்பாவோட மருந்துச் செலவு, தங்கச்சி படிப்பு என்று எல்லாம் இருக்கும்போது உடனே விட்டுட்டு வான்னு நான் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்காகத் தங்குறது தப்பில்லை. ஆனால் பொய்யான எதிலும் உங்க கையெழுத்து விழ வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நாள் "வேண்டாம்"னு சொன்னா, தலையைக் குனிஞ்சுக்காதீங்க. தனியா சொல்றவரை வெளியே அனுப்புறது சுலபம். ரெண்டு பேர்னா யோசிப்பாங்க. முதல் ஆளா நிற்கத் தைரியம் வரலைன்னாலும், ரெண்டாவது ஆளா நில்லுங்க.