மனம் நிறையும் தொழில் எது?

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் காஞ்சிபுரத்து வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். சென்னையில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டச் செயலியைத் தயாரிக்கும் வேலையில் இருந்தவர். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்தது. அவருடைய வேலையும் போயிற்று. "ஹஜ்ரத், வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். அங்கே பந்தயம் கிடையாது. போகலாமா?" என்றார்.

பழைய வேலை மனதுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டோம்.

"பிடித்திருந்தது ஹஜ்ரத். சீட்டு திரும்புகிற அழகெல்லாம் நான் செய்ததுதான். அத்தாவிடம் மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை."

நெஞ்சின் உறுத்தலையும், பிறர் அறியக்கூடாதே என்ற கூச்சத்தையும் பாவத்தின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் காட்டியிருக்கிறார்கள். கைத்திறமை தரும் இன்பம் வேறு, தொழில் தரும் நிறைவு வேறு என்பதை இந்த வாலிபர் தம்மையறியாமல் சொல்லிவிட்டார்.

ரம்மியும் போக்கரும் திறமையின் ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2025 சட்டமோ திறமையா, அதிர்ஷ்டமா என்று பார்க்கவில்லை. பணம் வைத்து ஆடுவதா என்றே பார்த்தது. ஃபிக்ஹு கலை வல்லுநர்களும் தோற்றவன் பொருள் ஜெயித்தவன் கைக்குப் போகிறதா என்றே பார்த்தார்கள்.

புதிய இடத்தைப் பற்றி விசாரித்தோம். ஆட்டம் இலவசமாம். நடுவே மூடிய பெட்டி ஒன்று வரும். காசு கொடுத்தால் திறக்கும். உள்ளே இருப்பது என்னவென்று திறந்த பிறகே தெரியும். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். வாங்குபவன் அறியாத சரக்கை விற்பது நம் மார்க்கத்திலும் ஆகாது. பெட்டியைத் திறப்பவர்களில் சிறுவர்களும் உண்டு!

நம்மூர்க் கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கூலியோ சொற்பம். தம் பிள்ளை தறியில் உட்காரக்கூடாது என்று நெசவாளியே சொல்வார். ஆகவே வறுமையைப் புகழ நாம் வரவில்லை. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் நெய்த சேலையை விரித்துக் காட்டத் தயங்கமாட்டார். முந்தானை முடிந்ததும் அறுத்தெடுத்துவிடுவார். மூடிய பெட்டி விற்கும் ஆட்டத்தில் அறுத்தெடுக்கும் இடமே கிடையாது. ஆடுகிறவன் எழுந்து போகாமலிருப்பதுதான் அங்கே லாபம்.

"தம்பி, அங்கே உங்கள் கையில் வரப்போவது ஆட்டமா, பெட்டியா? கேட்டு வாருங்கள்" என்றோம்.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆட்டம் செய்யும் இடம் ஒன்றும் இருக்கிறதாம். சம்பளம் பாதிதானாம். வீட்டில் மணமாகாத தங்கைகள் இருவர். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். இன்னும் வரவில்லை.