நினைக்க முக்தி

திருவாரூரில் பிறக்க முக்தி, தில்லையில் தரிசிக்க முக்தி, காசியில் இறக்க முக்தி, அண்ணாமலையை நினைக்க முக்தி என்பார்கள். கேட்டவுடன் கடைசி வழிதான் சுலபம் என்று தோன்றும். வரிசை வேண்டாம், பயணம் வேண்டாம், இருந்த இடத்தில் நினைத்தால் போதும். எனக்கு என்னவோ நான்கில் அதுதான் கடினம் என்று படுகிறது. ஒன்றை நினைப்பதாகச் சொல்லிக்கொண்டு நம்மையே நினைத்துக்கொண்டிருக்க முடியும் அல்லவா?

முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களுக்கு ஐந்து கிருதிகள் செய்தார். அக்னித் தலமான திருவண்ணாமலைக்கு சாரங்கா ராகத்தில், ரூபக தாளத்தில் அமைந்தது ‘அருணாசலநாதம்’. அதன் தலைமை வினை ‘பார்க்கிறேன்’ அல்ல, ‘நினைக்கிறேன்’. கருவறையில் இருப்பது கல் லிங்கம். பாட்டில் வருவதோ கோடி இளஞ்சூரியர்களின் ஒளி. கண்ணுக்கு எதிரே இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பாடுவது பொய்யாகாதா?

இதே கேள்வி ரஷ்யாவிலும் உண்டு. ஓவியரும் கட்டடக் கலைஞருமான விக்டர் ஹார்ட்மன் 1873-இல் 39 வயதில் இறந்தார். மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய 400-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்த்த நண்பர் முசோர்க்ஸ்கி சில வாரங்களில் ‘கண்காட்சியில் சில படங்கள்’ என்ற பியானோ இசைத் தொகுப்பை எழுதி முடித்தார். படங்களில் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. கியேவ் நகர வாயிலுக்கு ஹார்ட்மன் வரைந்த திட்டம் கட்டப்படவே இல்லை. தாளில் நின்றுபோன அந்த வாயில், இசையில் ஒரு ராஜகோபுரம் போல எழுந்து நிற்கிறது. நண்பனை முசோர்க்ஸ்கி நினைத்தாரா, பெரிதாக்கினாரா?

அந்த இசையில் படங்களுக்கு நடுவே ‘உலாவல்’ என்று ஒரு பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரும். படத்திலிருந்து படத்துக்கு நடந்துபோகிறவரின் நடை அது. அதாவது முசோர்க்ஸ்கி தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. பார்ப்பது நான்தான், என் கால் இப்படித்தான் போகும் என்று கேட்பவரிடம் சொல்லிவிடுகிறார். 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே மலைதான், ஒவ்வொரு லிங்கத்தருகே நின்று பார்க்கும்போதும் வேறு உருவம்.

என் அத்தை கிரிவலம் வரும்போதெல்லாம் மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது. அத்தை சொல்லும் மாமா ஒரு சாது. எனக்குத் தெரிந்த மாமா அப்படியில்லை, கோபக்காரர். ஒருமுறை கேட்டே விட்டேன்: “மாமா இவ்ளோ பொறுமைசாலியா அத்தை?” அத்தை நடையை நிறுத்தவில்லை. “மத்தவங்களுக்கு எப்படியோ. நான் பாத்த மனுஷன் இப்படித்தாண்டா.”

அந்த ‘நான்’ இருக்கும்வரை அது பொய்யில்லை என்று நினைக்கிறேன். தீட்சிதரின் வினையிலும் அந்த ‘நான்’ இருக்கிறது. அதை மறைத்து, இதுதான் அவர், இவ்வளவுதான் அவர் என்று சொல்லும்போதுதான் நினைவு அநியாயமாகிறது.

அப்படியும் ஓர் உறுத்தல் மிச்சமிருக்கிறது. ஹார்ட்மனை இன்று பலரும் அறிவது முசோர்க்ஸ்கியின் இசை வழியாகத்தான். நினைத்தவர், நினைக்கப்பட்டவரை மூடிவிட்டார். மலையைத் தப்பாக நினைத்தால் திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தொலைந்த படத்துக்கும் இறந்த மனிதருக்கும் அந்த வழி கிடையாது. நாம் சொல்வதைத் திருத்த அவர்கள் வரப்போவதில்லை. அதனால் அவர்களை நினைக்கும்போது நமக்குக் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.