நின்ற இடம்

27 விழுக்காட்டில் நிற்கிறது. கோப்புகளை விரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஓடுகின்றன, எண் மட்டும் ஏறவில்லை. பத்து அங்குலத் திரை. மூடியில் பாதி தேய்ந்த 1மலேசியா சின்னம். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று கை துடிக்கிறது. துடிக்கட்டும். கிழட்டு எந்திரம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடம்தான் அது தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி. அணைத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

எழுந்து போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் 27. விசைப்பலகைக்குக் கீழே, உள்ளங்கை படும் இடத்தில் காதை வைத்தேன். மெல்லிதாக ஒரு டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக். வன்தட்டு தன்னால் படிக்க முடியாத ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் நேரத்தில்தான் உள்ளே ஓயாத வேலை.

*

எந்திரத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தாமானில் இருக்கிறார். சிம்பாங் அம்பாட் டோலில் இறங்கினால் பெரிய தூரமில்லை. இளவயதில் தோட்டத்தில் பால்வெட்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் வேறு வேலைகள். இப்போது தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். நெட்புக் அவர் வாங்கியதல்ல, மகள் படிவம் நான்கு படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. 2010 மார்ச் 24-இல் பிரதமர் நஜிப் தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதன் கையோடு வந்ததுதான் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான இலவச நெட்புக். தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் வழியாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மகள் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறாள், கையில் நல்ல லெப்டாப் இருக்கிறது. பழையது அப்பாவிடம் தங்கிவிட்டது.

"அண்ணே, உள்ள ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஒன்னும் வேணாம் தம்பி. ஃபார்மட் அடிச்சிடு. பழசெல்லாம் போவட்டும்."

"கோயில் கணக்கு எதுல எழுதுறீங்க?"

"இதுலதான்."

அவர் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு வேறு, கணினி வேறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பீரோவைப் பூச்சு அடிக்கக் கொடுப்பவர் உள்ளே இருக்கும் துணியைப் பற்றிப் பேசுவதில்லையே.

*

என் கைக்கு வருமுன் இன்னொரு கை இதில் பட்டிருக்கிறது. அவருடைய அக்கா மகன், கெட்டிக்காரப் பையன். மெதுவாக ஓடுகிறதே என்று விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட உட்கார்ந்து, பாதியில் நின்றதும், மறுபடியும் மறுபடியும் போட்டிருக்கிறான். அந்த அவசரத்தில் ஒளிந்திருந்த மீட்புப் பகிர்வும் போய்விட்டது. நெட்புக்குகளில் சிடி ஓட்டி கிடையாது. வாங்கும்போது தட்டும் தரமாட்டார்கள். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய இயங்குதளத்தின் நகல் அந்த ஒளிந்த பகிர்வில்தான் இருக்கும். அதை அழிப்பது மிகச் சுலபம், ஒரு சொடுக்கு.

அடியில் ஒட்டிய உரிம வில்லையைப் பார்த்தேன். 25 எழுத்து, ஐந்து ஐந்தாக. மடியில் வைத்து வைத்து நடுவில் இருந்தவை வியர்வையில் அழிந்திருந்தன. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அச்சின் பள்ளம் கொஞ்சம் தெரிகிறது. இந்த எண்களை வகுத்தவர்கள் குழப்பம் வரக்கூடாதென்று சுழியத்தையும் 'ஓ'வையும், ஒன்றையும் 'ஐ'யையும் விலக்கியிருக்கிறார்கள். ஆனால் எட்டையும் 'பி'யையும் விட்டுவைத்தார்கள். அந்த இரண்டில்தான் என் பிற்பகல் போனது.

வில்லையில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று இருந்தது. நெட்புக்குகளுக்கென்றே செய்த சின்னப் பதிப்பு. அதில் திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. மகள் அத்தனை ஆண்டும் ஒரே நீலத்தைப் பார்த்துக்கொண்டு படித்திருக்கிறாள்.

*

நெடுநேரத்துக்குப் பிறகு பிழைச் செய்தி வந்தது. 80070570 என்று முடியும் எண். தேவையான கோப்பு சிதைந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறது. இதை நம்பினால் பென்டிரைவைக் குற்றம் சொல்லி வேறொன்று செய்யத் தோன்றும். அக்கா மகனும் அதைத்தான் செய்திருப்பான். செய்தி பொய்யில்லை. கோப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற அளவில் உண்மைதான். ஏன் சேரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

எண் ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்றால் நான் நினைவகத்தைச் சந்தேகிப்பேன். 12-இல் ஒருமுறை, 61-இல் ஒருமுறை என்று அலைபாய்ந்தால், ரேம் துண்டைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பொருத்தி, இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிடுவேன். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய அந்தச் சோதனை இன்றுவரை வழக்கில் இருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி நோய் அந்தப் பற்களில்தான். ஆனால் இது வேறு பென்டிரைவ் செருகியும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஊடகம் மாறியும் இடம் மாறவில்லையென்றால் எழுதப்படும் இடத்தில்தான் கோளாறு.

வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பானில் மாட்டி, அதன் ஸ்மார்ட் பதிவைப் படித்தேன். ஒவ்வொரு வன்தட்டும் தன் கெட்டுப்போன இடங்களைத் தானே எண்ணி வைக்கிறது. கெட்ட இடத்துக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு சேமிப்பும் வைத்திருக்கும். இதில் அந்தச் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் இடங்கள் என்று இன்னொரு வரி. அந்த எண் சுழியமாக இருந்தால் நிம்மதி. இதில் அப்படியில்லை.

ஒவ்வொரு மறுமுயற்சியும் இந்தத் தட்டின் ஆயுளைத் தின்றிருக்கிறது.

*

நிறுவும் திரையில், எங்கே போடட்டும் என்று கேட்கும் பட்டியலில் பகிர்வுகளின் அளவு வரிசையாக வரும். மொத்தம் ஒரு பத்தி, காலியிடம் ஒரு பத்தி. யாரும் அங்கே நிதானிப்பதில்லை. நேற்று நிதானித்தேன். 'சி' வெறுமை. அடுத்ததில் மொத்தத்துக்கும் காலிக்கும் பெரிய வித்தியாசம். யாரோ எதையோ அங்கே வைத்திருக்கிறார்கள். 27-இல் நின்று நின்று சலித்து, எல்லாப் பகிர்வையும் அழித்துவிட்டு ஒரேயொரு பகிர்வாகச் செய்வதுதான் அடுத்த படியாக இருந்திருக்கும். பையன் அதற்குள் விட்டுவிட்டான்.

இதேபோல ஒன்று தமிழ்நாட்டிலும் நடந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் முதலில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தொடக்கப் பகுதியில் தன்னை எழுதிக்கொள்ளும், பாஸ் கண்ணுக்குத் தெரியாது. அழிந்ததாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், அதை எழுப்பத்தான் வழியிருக்காது. 'காணோம்' என்ற சொல்லை நான் கணினி விஷயத்தில் அவசரமாக நம்புவதில்லை.

*

குனு டிடிரெஸ்கியூ என்றொரு கருவி. அந்தோனியோ டியாஸ் எழுதியது. சாதாரணமாக நகலெடுத்தால் கெட்ட இடம் வந்ததும் தட்டு அங்கேயே மல்லுக்கட்டும், மீதியை எடுப்பதற்குள் செத்தும் போகலாம். இது அப்படியில்லை. படிக்க முடியாத இடம் வந்தால் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. நல்லதையெல்லாம் பத்திரமான இன்னொரு தட்டில் சேர்த்த பிறகுதான் கெட்டதின் ஓரங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது.

அண்ணன் வந்து திரையைப் பார்த்தார். விளக்கினேன். "நெரை புடிக்கிற மாதிரிதான்," என்றார். "பட்டை கெட்ட மரத்துல நின்னா பால் கட்டாது. மத்ததை முடிச்சிட்டுத்தான் வரணும்." அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

பிற்பகலில் அலோர் காஜா பக்கம் கறுத்தது. இங்கே இடி இறங்கினால் மோடமும் டிவியும் போகும், எல்லா வீட்டிலும் கதை உண்டு. முதல் உறுமலில் பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் நிறுத்தினேன். இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த சங்கதி, எதுவரை வந்தோம் என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கிறது. மழை விட்டபின் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். தட்டும் ஆறியிருக்கும்.

வன்தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கச் சொல்லும் வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் காற்றில் அதை வெளியே எடுத்த கணமே வேர்க்கும். நான் செய்யமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

*

கடைசியில் மீளாமல் நின்றது மிகக் கொஞ்சம். அதுவும் பெரும்பாலும் வெறுமையான 'சி'யில். கணக்குகள் முழுசாக வந்தன. கும்பாபிஷேகப் படம் ஒன்று மட்டும் மேல்பாதி கலசம், கீழ்பாதி சாம்பல் பட்டை. "கலசம் தெரியுதுல்ல, போதும்," என்றார்.

ஆனால் கூட்டக் குறிப்புகளைத் திறந்தால் ஒரு வரியும் தமிழில் இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், நாணயக் குறிகள். அண்ணன் முகம் மாறியது. "அதுவும் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. அவை நெட்புக்குக்கு முந்தியவை. கோயிலில் இருந்த பழைய மேசைக் கணினியில் முரசு அஞ்சலில் அடித்துப் பின்னால் பென்டிரைவில் இங்கே வந்தவை. முத்து நெடுமாறன் 1985-இல் இந்த மண்ணில் தொடங்கிய வேலை அது. மலேசியாவில் ஒரு தலைமுறை அதில்தான் தமிழ் தட்டியது. விண்டோஸ் 2000-இல்தான் யுனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. அதன் பிறகும் பலர் பழைய வழக்கத்தை விடவில்லை. இந்தக் குறிப்புகள் திஸ்கி குறியீட்டில் இருந்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்துக் கட்டிய ஏற்பாடு. அதற்குரிய எழுத்துரு இருக்கும்வரை எல்லாம் தமிழாகத் தெரியும். இயங்குதளத்தைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் எழுத்துருவும் போகும், குறிப்பு அன்னியமாகிவிடும். ஒரு பைட்கூட மாறியிருக்காது.

மாற்றியில் கொடுத்ததும் தமிழ் வந்தது. ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டம். பொருளாளர் கணக்கை வாசித்தார், ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். பந்தல் செலவு, வாழைமரம், மேளக்காரருக்குக் கொடுத்த முன்பணம். அண்ணன் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனார். சில பெயர்களில் நிறுத்தி, "இவுரு இப்ப இல்ல," என்றார்.

*

இனி இயங்குதளம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அதற்குப் பின்னால் வந்த 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 11 இந்த எந்திரத்தை ஏறெடுத்தும் பார்க்காது. குறைந்தது 4 ஜிபி நினைவகம் கேட்கிறது, இதில் 1. லினக்ஸ் பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டுதான் வருகின்றன. டெபியன் 13 வந்தபோது 32 பிட்டுக்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். 12-இல் இருக்கிறது. 2028 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதால் அதையே எடுத்தேன்.

நூறு வெள்ளிக்குள் கிடைத்த எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். மணி காட்டும் சிறு மின்கலமும் தீர்ந்திருந்தது. கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032தான். அதை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பல ஆண்டு பின்னால் போகும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவை என்று எண்ணி உலாவி எந்தப் பக்கத்தையும் திறக்காது. பலர் அதை இணையக் கோளாறு என்று நினைத்து அலைவார்கள்.

நிறுவுதல் மெதுவாக ஓடியது. 27-ஐ எப்போது தாண்டியது என்று கவனிக்கவில்லை, அப்போது மின்கல மூடியின் திருகு ஒன்றைத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விரல் பழகியது அஞ்சல் விசைமுறை, ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும். லினக்ஸிலும் ஒலிப்பு முறை இருக்கிறது. சில விசைகள் மட்டும் மாறி வரும். 'ந'வுக்கும் 'ண'வுக்கும் அவர் இரண்டு நாள் திட்டினார். பிறகு ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

வைஃபை இன்னும் எடுக்கவில்லை. இந்தச் சில்லுக்கு வேண்டிய இயக்கி நிறுவியோடு வருவதில்லை, தனியாக இறக்கித் தொகுக்க வேண்டும். அதுவரை கேபிள். பிரிண்டரை நாளைக்குத்தான் இணைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டம், அதற்குள் அன்னதானப் பட்டியல் அச்சாக வேண்டுமாம்.