படத்துக்குக் கீழே ஒரு பெயர்

"அண்ணே, எண்பது வருசத்துக்கு முந்தின போர்ப் படம். கீழே பெயர் மாறி இருந்தா குடியா முழுகிடப் போகுது?" எங்கள் மன்றத்தின் வரலாற்றுக் கண்காட்சிக்குப் படங்களைச் சரிபார்த்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றிய பதிலைச் சொல்கிறேன்.

மலாயாப் போர்ப் படங்களில் 'பிரிட்டிஷ் டாங்கி' என்று ஒரு வண்டியைக் காட்டினால், உற்றுப் பாருங்கள். மேலே திறந்திருக்கிறதா? சுழலும் பீரங்கிக் கூண்டு இல்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் பிரென் கேரியர். ஆட்களையும் இயந்திரத் துப்பாக்கியையும் ஏற்றிச் செல்லும் சிறிய கவச வண்டி. 1941 டிசம்பரில் ஜப்பானியர் தரையிறங்கியபோது மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கிகளே இல்லை. 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் 11ஆவது இந்திய டிவிஷன் வீரர்கள் ஜப்பானிய டாங்கிகளிடம் சிக்கியது அந்த நிலையில்தான். கேரியரை டாங்கி என்று எழுதிவிட்டால், "ரெண்டு பக்கமும் டாங்கி இருந்துச்சு, இவங்கதான் ஓடிட்டாங்க" என்ற பழி வந்து சேரும். பதில் சொல்ல அவர்கள் இன்று இல்லை.

கப்பல் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். நம் தாத்தா பாட்டிகள் பலர் நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கிய 'ரஜூலா'வை வீட்டில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் சகோதரக் கப்பல் 'ரோனா'. இரண்டும் 1926இல் கட்டப்பட்டவை. இரண்டும் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றன. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மானிய வெடிகுண்டு தாக்கி ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கப்பல் பணியாளர்களிலும் நூற்றுக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் இந்தியர்கள்.

போர்க்காலத்தில் கப்பல்களுக்குச் சாம்பல் நிறம் பூசி, பெயரை மறைத்துவிடுவார்கள். தணிக்கை அதிகாரிகள் படங்களில் உள்ள படைச் சின்னங்களையும் அழித்துவிடுவார்கள். அதனால் பல படங்களுக்குப் பெயர், பின்னால் யாரோ ஞாபகத்திலிருந்து எழுதியது. ரோனாவின் படத்தில் ரஜூலா என்று எழுதுவது சுலபம். நம் வீட்டுக்கு ஒரு நல்ல ஞாபகம் கிடைக்கும். கடலில் போனவர்களுக்கு இருந்த ஓர் அடையாளம் காணாமல் போகும்.

"உணர்வுதானே முக்கியம்" என்பார்கள். தாத்தா மேல் உள்ள பாசம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்காக இன்னொரு வீட்டுத் தாத்தாவின் இடத்தை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு பழைய படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் முன் மூன்றைக் கேளுங்கள்: மூலப்படம் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது? பெயரை யார், எப்போது எழுதினார்கள்? படத்தில் தெரிவது அந்தப் பெயருக்குப் பொருந்துகிறதா? முடிவுக்கு வர முடியாவிட்டால் 'ரஜூலா அல்லது ரோனா' என்றே எழுதுங்கள். பார்க்கிறவர் ரோனா என்றால் என்ன என்று கேட்பார். அப்போது அந்தக் கதையையும் சொல்லுங்கள்.