வார்டு வாசலும் திருவிழாக் கூட்டமும்

2021 மே மாதத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 நோயாளிகள் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு வார்டில் படுக்கை படுக்கையாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்க எந்தக் குருவானவராலும் முடியாது. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 மார்ச்சில், வத்திக்கான் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தது: கொரோனா தொற்றால் சாகக் கிடப்பவர்களுக்கு வார்டு வாசலில் நின்றபடியே, முடிந்தால் ஒலிபெருக்கி வைத்து, பொதுப் பாவமன்னிப்பு கொடுக்கலாம். இதை மறுக்க மனமுள்ளவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே செங்கல்பட்டின் மறைமாவட்டத்தில், அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்தின் திருவிழாவுக்கு ஏராளமானோர் வருகிறார்கள். குருக்கள் சிலர்தான், வரிசையோ நகர்வதில்லை. மொத்தமாக மன்னித்து அனுப்பினால் என்ன? திருச்சபைச் சட்டத்தின் 961-ஆம் பிரிவு கூடாது என்கிறது. திருவிழாவோ திருயாத்திரையோ கூட்டிய கூட்டம் மட்டும் போதிய காரணம் ஆகாது. சாவு நெருங்கியிருக்க வேண்டும்; அல்லது தங்கள் குற்றமின்றியே மக்கள் நெடுநாள் நற்கருணையின்றி வாட நேர வேண்டும். இந்த இரண்டாவது நிலை வந்துவிட்டதா என்று தீர்மானிப்பது மறைமாவட்ட ஆயர். கூட்டத்தைச் சாக்குச் சொல்வது பழைய கதைதான். திருவிழா நெரிசலில் பாதிப் பாவத்தைச் சொன்னவருக்கும் மன்னிப்புக் கொடுத்துவிடலாம் என்ற கருத்தைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் 1679-லேயே கண்டித்தார்.

கடவுளின் இரக்கத்துக்கு இத்தனை கணக்கு வழக்கா என்று கேட்கத் தோன்றும். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று காலையில் மாமல்லபுரக் கரையில் கடல் உள்வாங்கித் திரும்பிய இடைவெளியில் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் இல்லை, குருவும் இல்லை. அங்கே உத்தம மனஸ்தாபமே, அதாவது கடவுள்மேல் உள்ள அன்பால் எழும் மனவருத்தமே, போதும் என்று திருச்சபையே சொல்லும். பிழைத்தால் பாவத்தைச் சொல்வேன் என்ற உறுதி மட்டும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஆக, சட்டம் இரக்கத்தைப் பூட்டி வைக்கவில்லை.

திருவிழாவில் அது பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு நியாயம் உண்டு. கோவளம் போன்ற கடலோர ஊரில் பங்குத்தந்தைக்கு எல்லோருடைய குரலும் தெரியும். கணவனிடம் மறைத்ததை, அண்ணனை ஏமாற்றியதை அவரிடம் சொல்லக் கூசுகிறவர்கள் திருத்தலத்துக்கு வருவதே, தங்களை அறியாத ஒரு குரு அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதால்தான். அவர்களுக்குக் கூட்டம் ஒரு மறைப்பு. அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு என்றால், பல வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்ல வந்தவர் சொல்லாமலே பஸ் ஏறுவார். அவருக்கு அது சலுகை ஆகாது. வாய் திறக்கும் உரிமை பறிபோனதுதான் மிச்சம்.

பொது மன்னிப்பு பெற்றவருக்கும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. வார்டிலிருந்து வீடு திரும்பியவர் தன் சாவான பாவங்களை உரிய காலத்தில் தனியே சொல்லியாக வேண்டும் என்கிறது 962-ஆம் பிரிவு. ஆனால் இந்தச் சுமையை மக்கள் தலையில் மட்டும் வைப்பது அநியாயம். மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஏற்பாடு செய்வது மேய்ப்பர்களின் கடமை என்று சொல்லும் 986-ஆம் பிரிவும் அதே சட்டநூலில்தான் இருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தலும் சீரியல் விளக்கும் மாதக்கணக்கில் திட்டமிடப்படுகின்றன; பக்கத்துப் பங்குகளிலிருந்து பத்துக் குருக்களை வரவழைப்பதையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கலாம். விடியுமுன் கட்டுமரம் ஏறுகிறவருக்குக் காலை ஆறு மணித் தொட்டியால் என்ன பயன்? அவர் கரையேறும் நேரம் பங்குத்தந்தைக்குத் தெரியாததல்ல.