விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேதப்பகுதி

வீட்டு ஜெபக்கூட்டங்களின் ஒழுங்கு நமக்குப் பழகியதுதான். இரண்டு மூன்று பாட்டு, ஒரு வசனம், சிறிய செய்தி, பிறகு ஜெபக்குறிப்புகள். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை, ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் அமையவில்லை, இன்னொருவருக்குக் கடன், ஒரு பிள்ளைக்குப் பரீட்சை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி உருக்கமாக ஜெபிக்கிறோம். பிறர் பாரத்தைத் தன் பாரமாக எண்ணி முழங்காலில் நிற்பது அருமையான காரியம். ஆனால், சற்று முன் வாசித்த வேதப்பகுதி அந்த ஜெபத்தில் எங்கேயாவது தென்படுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை. வேறு எந்தப் பகுதியை வாசித்திருந்தாலும் ஜெபம் இதே போலத்தான் இருந்திருக்கும். என்ன கேட்பது என்பதை நம் தேவைகளே முடிவு செய்துவிடுகின்றன. அந்த முடிவில் வேதத்துக்கும் பங்கு வேண்டும். அதற்கு, வாசிக்கிற பகுதியை எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் படித்தாக வேண்டும்.

நமக்கு மிகவும் பிடித்த ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம். எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். தேவன் நம்மைக் குறித்து நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வாக்குத்தத்தம். வருடப்பிறப்பு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் இதைக் காணலாம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அதற்கு முந்தின அதிகாரத்தில் முழங்கியிருந்தான். எரேமியாவோ 10ஆம் வசனத்தில் எழுபது வருடம் என்கிறார். அதாவது, கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நாளைக் காணப்போவதில்லை. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். 7ஆம் வசனம் இன்னும் கடினமானது. எந்தப் பட்டணத்துக்குச் சிறைப்பட்டுப் போனார்களோ, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது. 11ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், என் வேலை, என் வீடு, என் பிள்ளை என்று ஜெபம் நம்மைச் சுற்றியே நின்றுவிடும். முழுப் பகுதியையும் படித்த குழுவோ தன் தெருவுக்காகவும், தன்னைப் பிடிக்காதவர்களுக்காகவும், உடனே விடை கிடைக்காதபோது தேவைப்படும் பொறுமைக்காகவும் ஜெபித்தே ஆக வேண்டும். பல வருடங்களுக்குப் பின் தானியேல் இதே எழுபது வருடக் கணக்கை வாசித்தபோது, காலம் நெருங்கிவிட்டது என்று ஆர்ப்பரிக்கவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, நாங்கள் பாவம் செய்தோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு அறிக்கையிட்டார். வாசித்தது அவர் ஜெபத்தின் போக்கையே தீர்மானித்தது.

ஆதிச் சபை சேர்ந்து ஜெபித்த விதத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் காட்டுகிறது. இயேசுவின் நாமத்தில் இனிப் பேசக்கூடாது என்று பேதுருவையும் யோவானையும் ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டி அனுப்புகிறார்கள். இருவரும் வந்து சொன்னதும் விசுவாசிகள் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். அவசரமான ஆபத்து, ஆனால் ஜெபத்தின் முதல் வார்த்தை ஆபத்தைப் பற்றியதல்ல. வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் படைத்தவரை நோக்கித் தொடங்கி, 2ஆம் சங்கீதத்துக்குப் போகிறார்கள். ராஜாக்கள் கர்த்தருக்கு விரோதமாக எழும்புவதைப் பாடும் சங்கீதம் அது. அந்த ராஜாக்கள் யார் என்று தங்கள் காலத்தில் தேடி, ஏரோதையும் பொந்தியு பிலாத்துவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். இதுதான் வேத ஆராய்ச்சி. அது நடந்தது ஜெபத்துக்குள்ளேயே. அதன் பிறகுதான் விண்ணப்பம் வருகிறது. மிரட்டியவர்களை அழித்துவிடும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதே சங்கீதம் எதிர்ப்பவர்களை நொறுக்கும் இருப்புக்கோலைப் பற்றியும் பேசுகிறது. அதைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டு, தைரியமாய் வசனத்தைப் பேசும் பலத்தையும், பிணியாளிகள் குணமாவதையும் கேட்டார்கள். அந்தச் சங்கீதம் மட்டும் நினைவில் இல்லாதிருந்தால், பயந்துபோன ஒரு கூட்டம் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஆவியானவர் ஏவுகிறபடி இருதயத்திலிருந்து வருவதே ஜெபம், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டால் அது சடங்காகிவிடும் என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உயிரில்லாமல் ஒப்பிக்கப்படும் ஜெபங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் புத்தகம் இல்லாத ஜெபமும் சில மாதங்களில் ஒப்பிப்பாகிவிடுகிறது. அதே தொடக்கம், அதே சொற்கள், அதே முடிவு; நமக்கே மனப்பாடம். மார்ட்டின் லூத்தர் 1535இல் தமக்கு முடிதிருத்தும் பேதுரு என்பவருக்காக ஜெபம் செய்வது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதினார். பத்துக் கற்பனைகளில் ஒன்றை எடுத்து, அது எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது என்று நான்கு வழியில் ஜெபமாக்கச் சொல்லிக் கொடுத்தார். நடுவில் ஆவியானவர் நல்ல நினைவுகளைத் தந்தால் மற்றதை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேள் என்றும் எழுதினார். வசனத்தையும் ஆவியானவரையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை.

படிக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பது இன்னொரு கேள்வி. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா விடியற்காலம் தொடங்கி நண்பகல்வரை வாசிக்கிறார், ஜனங்கள் கேட்கிறார்கள், லேவியர் பொருள் விளங்கும்படி சொல்கிறார்கள். வாசிக்க ஒருவர் போதும். அடுத்த அதிகாரத்தில் பகலின் கால்பங்கு நேரம் வாசிப்பு, இன்னொரு கால்பங்கு அறிக்கையும் ஆராதனையும். ஆனாலும் நேரம் குறைந்த நம் கூட்டங்களில் விளக்கம் இரண்டாவது பிரசங்கமாகிவிடக் கூடாது. நான்கைந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஜெபத்துக்கு இடம் இருக்காது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுகிற மறுப்பு வேறொன்று. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, கண்ணீரோடு வந்திருக்கும் தாயிடம் முதலில் வேதம் படிப்போம் என்று சொல்வது இரக்கமா? அவளுக்காக உடனே ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த வார்த்தைகளால்? வெற்றி, ஜெயம், இப்போதே சுகம் என்று மட்டுமே ஜெபிக்கப் பழகிய குழுவுக்கு, சுகம் தாமதமாகும்போது அவளோடு உட்கார வார்த்தை இருப்பதில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதுவும் தேவனிடம் சொல்லப்பட்ட ஜெபம்தான். சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கதறினார். இந்தச் சங்கீதங்களை நல்ல நாளிலேயே சேர்ந்து படித்து ஜெபித்திருக்கும் குழுவில், அந்தத் தாய் விசுவாசக் குறைவு என்ற பயமில்லாமல் அழலாம்.

இந்த வாரக் கூட்டத்தில் எரேமியாவின் அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளலாம்: 29ஆம் அதிகாரம், முதல் 14 வசனங்கள். நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் எழுதியது என்று ஒருவர் சுருக்கமாகச் சொல்லட்டும். பிறகு ஒவ்வொருவரும் அந்தப் பகுதியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தில் ஜெபிக்கட்டும், பிள்ளைகளும்கூட. ஜெபக்குறிப்புகளை அதன் பின் சொல்லுங்கள். 7ஆம் வசனத்துக்கு வரும்போது ஊரின் பெயரைச் சொல்லுங்கள், குப்பை அள்ள வருகிறவரின் பெயரைச் சொல்லுங்கள், பேச்சுவார்த்தை நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் சொல்லுங்கள்.