மௌனத்துக்கும் கர்த்தா உண்டு

டேப்லெட் திரையில் விரலைச் சற்று மேலே தள்ளினால், பத்து மீட்டர் தள்ளி மிதக்கும் ட்ரோன் முன்னே போகிறது. போக வைத்தது யார் என்று கேட்டால், விரலுக்குச் சொந்தக்காரர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ட்ரோனை இயக்கும் ஆப்பைத் தாமே எழுதிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பதில் எவ்வளவு மேலோட்டமானது என்று தெரியும். 2018-இல் சந்தைக்கு வந்த டெல்லோ என்ற ட்ரோனையே எடுத்துக்கொள்வோம். எடை 80 கிராம். தனக்கென்று ஒரு வைஃபையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். டேப்லெட் அதில் சேர்ந்து, 192.168.10.1 என்ற முகவரியின் 8889-ஆம் போர்ட்டுக்குக் கட்டளைகளை வெறும் எழுத்தாகவே அனுப்பலாம். திரையில் வட்டமாகத் தெரியும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளின் நிலை நான்கு எண்களாக மாறும்: இடம் வலம், முன் பின், மேல் கீழ், திரும்புதல். ஒவ்வொன்றும் −100 முதல் 100 வரை. ஆப்பின் வேலை அதோடு முடிந்தது. எந்த மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. தரையைப் பார்க்கும் கேமராவும் உயரம் அளக்கும் சென்சாரும் தரும் கணக்கை வைத்து, நான்கு மோட்டார்களையும் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பது ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருள். மனிதர் அனுப்புவது விருப்பத்தை மட்டும்தான். அதைப் பறத்தலாக மாற்றுவது வேறொன்று.

விருப்பத்துக்கும் அசைவுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி தத்துவத்துக்குப் புதிதல்ல. பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643-இல் தத்துவஞானி தெகார்த்துக்கு எழுதியபோது, பருப்பொருளே அல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்க முடியும் என்று கேட்டார். தெகார்த் தந்த விளக்கம் இளவரசிக்குப் போதவில்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. செயல் எதற்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்கிறது: செயல் நிகழும் இடம், கர்த்தா, கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அப்படியிருக்கத் தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்றும் தொடர்ந்து சொல்கிறது. ட்ரோன் விஷயத்தில் இந்த ஐந்தையும் தொட்டுக் காட்டிவிடலாம். திடீரென்று அடிக்கும் காற்றையும், அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலில் தொலைந்துபோகும் கட்டளையையும் ஐந்தாவதன் கணக்கில் எழுதலாம். ஆகவே, நானே பறக்கவிட்டேன் என்பதில் அகந்தை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். செயலில் என் பங்கு ஐந்தில் ஒன்று என்றால் பொறுப்பும் ஐந்தில் ஒன்றுதானா? பங்கு சுருங்குவதால் பொறுப்பு சுருங்கிவிடாது என்பதே என் வாதம். அதற்கான சான்று ட்ரோன் பறக்கும்போது கிடைப்பதைவிட, கட்டளை நின்றுபோகும்போதுதான் தெளிவாகக் கிடைக்கிறது.

கட்டளைகள் யூடிபி முறையில் செல்கின்றன. போய்ச் சேர்ந்ததா என்று அந்த முறை கவலைப்படாது. தொலைந்ததைத் திரும்ப அனுப்பவும் செய்யாது. திரையிலிருந்து விரலை எடுத்தால் ட்ரோன் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் விரல் எடுக்கப்பட்டதும் நான்கு சுழியங்களை அனுப்பு என்று ஆப்பில் ஒருவர் எழுதிவைத்திருந்தால்தான் அது நிற்கும். அந்த வரி விடுபட்டுப்போனால், கடைசியாக வந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ட்ரோன் போய்க்கொண்டே இருக்கும். பறக்கும் நேரத்தில் ஒரு வீடியோ அழைப்பு வந்து அதை எடுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு இந்த ஆப்பைப் பின்னால் தள்ளிவிடும். அந்த நொடியில் சுழியம் அனுப்புவதா, தரையிறங்கச் சொல்வதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்பதையும் ஒருவர் முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். டெல்லோவுக்கு 15 விநாடிகள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் தானே தரையிறங்கும். விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்தாலும் அதற்குள் ஏழரை மீட்டர் போயிருக்கும். ஒரு கூடத்தின் நீளம் அது. 2010-இல் பாரட் நிறுவனம் காட்டிய ஏஆர்.ட்ரோனோ, 2 விநாடி மௌனத்துக்கே தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிறகு என்ன செய்வது என்பதை இயற்கை விதி எதுவும் தீர்மானிக்கவில்லை. மனிதர்கள் யோசித்து வைத்த எண்கள் இவை. யாரும் எதுவும் செய்யாததுபோல் தோன்றும் அந்த விநாடிகளிலும் யாரோ ஒருவருடைய முடிவு செயல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு மிகக் கடுமையான மறுப்பு இறையியலிலிருந்து வரும். உண்மையில் இயக்குபவன் இறைவன் ஒருவனே என்றால், ஆப் எழுதியவரின் முடிவும் அவன் இயக்கியதுதானே? இந்த நிலைப்பாட்டைத் துணிந்து இறுதிவரை கொண்டுபோனவர்களில் ஒருவர் இமாம் கஸ்ஸாலி. பஞ்சை எரிப்பது நெருப்பல்ல, இறைவன்தான். நெருப்பும் எரிதலும் அடுத்தடுத்து நிகழக் காண்பது நம் பழக்கம் மட்டுமே என்று 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வாதிட்டார். அந்தக் கணக்கில் விரலும் ட்ரோனும்கூட அடுத்தடுத்த நிகழ்ச்சிகள்தான். ஆனால் அவர் சார்ந்திருந்த அஷ்அரி மரபு அங்கேயே நின்றுவிடவில்லை. செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தனதாக்கிக்கொள்பவன் மனிதன். எனவே கணக்குக் கேட்கப்படுபவனும் மனிதனே என்றது. செயலைப் படைக்கும் ஆற்றலை மனிதனிடமிருந்து முழுவதுமாக எடுத்துவிட்ட சிந்தனைகூடப் பொறுப்பை அவனிடமே விட்டுவைத்தது என்றால், அசைக்கும் ஆற்றலும் பதில் சொல்லும் கடமையும் வெவ்வேறு என்றுதானே ஆகிறது? எலிசபெத்தின் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டாலும் நாம் பொறுப்புள்ளவர்களாக இருக்க முடிவது இதனால்தான்.

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற கீதையின் போதனையை வைத்தும் மறுக்கலாம். பறக்கவிடுவது என் வேலை, எங்கே போய் முட்டுகிறது என்பது பலன், அது என் கையில் இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் அதே பதினெட்டாம் அத்தியாயம், பின்விளைவையும் இழப்பையும் பிறருக்கு நேரும் துன்பத்தையும் தன் திறனையும் எண்ணிப் பாராமல் மயக்கத்தில் தொடங்கும் செயலைத் தாமசம் என்று தள்ளிவைக்கிறது. பலனில் பற்றை விடச் சொன்ன நூலே முன்யோசனையை விடக் கூடாது என்றும் சொல்கிறது. விடச் சொல்வது தனக்கு வரக்கூடிய லாபத்தை. எதிரே நிற்கும் குழந்தையின் கண்ணை அல்ல.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி எழும். மௌனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால் காற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா? அப்படியானால் யாருமே எதையும் தொடங்க முடியாதே? நியாயமான கேள்வி. காற்று வீசியதற்கு யாரும் பொறுப்பில்லை. காற்று வீசும் என்று தெரிந்திருந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்குப் பொறுப்பு உண்டு. தெரிந்திருக்கக்கூடிய அளவுதான் எல்லை. அந்த எல்லைக்குள் தள்ளுபடி கிடையாது. பல கைகள் பட்ட பொருள் என்பதாலும் அது குறையாது. ட்ரோன் செய்தவர் 15 விநாடி என்று வைத்தது அவர் பதில் சொல்ல வேண்டியது. சுழியம் அனுப்பும் வரியை எழுதாமல் விட்டது ஆப் எழுதியவர் பதில் சொல்ல வேண்டியது. ஒருவர் பொறுப்பு முழுமையாக இருப்பதால் மற்றவருடையது பாதியாகிவிடாது. ஆகவே 'செய்பவன் நானல்ல' என்ற பணிவு நல்ல பணிவுதான், ஆனால் அதைச் சொல்ல ஒரு வரிசை இருக்கிறது. தான் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதுவரை யோசித்து ஏற்பாடு செய்துவிட்டவர் அதைச் சொன்னால் அது பக்தி. அதைச் செய்யாமலே சொன்னால், தன் அலட்சியத்தைத் தெய்வத்தின் தலையில் கட்டுவது.